மாலுமி மீது ஏற்றிய பழி

மதுமயக்கத்திலிருந்த ஓர் அரபு மாலுமியே கீழைக்கடலின் வழியைப் பறங்கியருக்குக் காட்டிக்கொடுத்தார் என்றொரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அம்மாலுமி இப்னு மாஜித், வழிகேட்டவன் வஸ்கொடகாமா, ஆண்டு 1498. இதனை வரலாறென ஏற்றல் தகுமா?

கதையின் பிறப்பை முதலில் நோக்குவோம். சம்பவம் நிகழ்ந்து ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டின் பின்னர், மக்காவில் வாழ்ந்த நஹ்ரவாலி என்னும் வரலாற்றாசிரியர் இதனை எழுதிவைத்தார். 1920களில் பிரெஞ்சு அறிஞர் கப்ரியேல் ஃபெரான், இப்னு மாஜிதே காமாவின் வழிகாட்டி என நிறுவ முயன்றார். போர்த்துக்கேய ஆசிரியர்களோ வேறு கூறுகின்றனர். மாலிந்தி மன்னன் அளித்த வழிகாட்டி ஒரு குஜராத்தி என்பது கஸ்தன்ஹேதா, பாறோஸ் இருவரதும் கூற்று. பாறோஸ் தரும் 'மாலெமோ கானா' என்பதில் மாலெமோ இயற்பெயரன்று. 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. எமது 'மாலுமி'யும் அவ்வழி வந்ததே. 1971இல் இப்னு மாஜிதின் பெருநூலை ஆங்கிலத்தில் தந்த திபெற்ஸும் இக்கதையை ஏற்கவில்லை.

நட்சத்திரங்களின் உயரங்கொண்டு துறைகளின் நிலையைக் கணித்தல், பருவக்காற்றின் காலம், கரையோர அடையாளங்கள் ஆகியவற்றை நூலாக வகுத்த பேரறிஞர் இப்னு மாஜித். அவ்வறிவு மறைந்து, குடிகாரர் என்னும் பழியே எஞ்சியது. பின்வந்தோர் சிலர் அப்பழியையே புகழாக்கி, காமாவுக்கு வழிகாட்டிய பெருமகன் என்றனர். பழித்தோரும் புகழ்ந்தோரும் நின்றது ஒரே பொய்யின் மீதுதான். உண்மையாகவே கலத்தைச் செலுத்திய அந்த உழைப்பாளியின் இயற்பெயரோ எவருக்கும் வேண்டியதாயிருக்கவில்லை.

அன்றியும், மாலிந்தியிலிருந்து கள்ளிக்கோட்டைக்குச் செல்லும் வழி இரகசியமன்று. அரபு, குஜராத்தி வணிகர் பருவக்காற்றோடு போய்வந்த பழம்பாதை அது. கீழைக்கடலை அடிமைப்படுத்தியவை மிளகு வாணிபத்தின் லாபவேட்கையும், அதற்குத் துணைநின்ற அரசும், பீரங்கியுமே. ஒரு கிண்ணம் மதுவில் ஏகாதிபத்தியத்தின் தோற்றத்தைத் தேடுவது, இக்காரணங்களை மறைப்பதாகவே முடியும்.

துரோகி ஒருவனைக் கண்டுவிட்டால் ஆராய்ச்சி முடிந்தது என்னும் மயக்கம் முற்போக்காளராகிய எம்மிடமும் இல்லாமலில்லை. வகுப்பறையில் இக்கதையைச் சொல்ல நேரும் ஆசிரியர், அது யாரால், எப்போது சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்வாராக.