கரண்ட் வந்ததும் எழுந்து நிற்பது எது?

கேரளத்துத் திருப்பூணித்துறையில் வீட்டு சர்வருக்கு மழைதான் முதல் எதிரி. தென்மேற்குப் பருவமான இடவப்பாதியில் தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் கரண்ட் போகும். வடகிழக்குப் பருவமான துலாவர்ஷத்தில் மாலை இடி இறங்கினாலும் போகும். அதனால் பழைய டெஸ்க்டாப் ஒன்றுக்கு இலவச இயங்குதளம் தேடியபோது வேகத்தை இரண்டாம் பட்சமாக வைத்தேன். கோப்புகள் நகலாகும்போதே பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பச் செருகியதும், யாரும் கை வைக்காமல் எது எழுந்து நிற்கிறது என்பதுதான் என் பரீட்சை.

அந்த டெஸ்க்டாப்பில் இருப்பவை: 2009-இல் சந்தைக்கு வந்த கோர் 2 டுவோ ஈ7500 சிப், 4 ஜிபி டிடிஆர்2 ராம், ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டு. வீட்டுப் புகைப்படங்களும், பூர்ணத்ரயீசர் கோயில் விருச்சிகோற்சவத்தில் பதிவு செய்த மேளங்களும் இதில் இருக்கப் போகின்றன. அவற்றுக்கு வேறு பிரதி கிடைக்காது.

ஆல்மா லினக்ஸ் 9, ராக்கி லினக்ஸ் 9 இரண்டும் ஆரம்பத்திலேயே கழிந்துவிட்டன. அவை கேட்கும் சில கட்டளைகள் இந்தச் சிப்பில் கிடையாது.

டெபியன் 13 சிக்கலில்லாமல் ஏறியது. நெட்வொர்க் கார்டுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் 12-ஆம் பதிப்பிலிருந்தே இன்ஸ்டாலரோடு வருகிறது. பிளக்கைப் பிடுங்கினால் அதன் கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4, மாற்றங்களைக் குறித்துவைக்கும் தன் ஜர்னலைப் படித்துச் சரிசெய்துகொண்டு உடனே லாகின் திரைக்கு வந்துவிடுகிறது. கேரளத்தில் டெபியனுக்கு இன்னொரு பலமும் உண்டு. அரசுப் பள்ளிகளில் கைட் நிறுவனம் கொடுத்திருப்பது உபுண்டு வழி வந்த லினக்ஸ். உபுண்டுவுக்கு வேர் டெபியன். நான் ஊரில் இல்லாத நாளில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குப் போனில் சொல்லியே காரியத்தை முடித்துவிடலாம்.

ஓப்பன்பிஎஸ்டி எனக்கு மிகவும் பிடித்தது. இதன் கையேட்டுப் பக்கங்களைப் போலத் தெளிவானவை வேறெங்கும் இல்லை. ஆனால் இதன் கோப்பு முறைமையில் ஜர்னல் கிடையாது. கரண்ட் போய் வந்தால் டிஸ்க் முழுவதையும் சோதிக்கும். தானாகச் சரிசெய்ய முடியாத பிழை கண்டால் அங்கேயே நின்று, கீபோர்டும் மானிட்டரும் கொண்டுவா என்று காத்திருக்கும். பரணில் இருக்கும் சர்வருக்கு அது ஆகாது. ரவுட்டருக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் என் வீட்டில் தங்கியது ஃப்ரீபிஎஸ்டி. காரணம் அதன் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை. ஈஎக்ஸ்டி4-இன் ஜர்னல் வழக்கமான அமைப்பில் காப்பது கோப்புகளின் கணக்கைத்தான். உள்ளே இருக்கும் படத்தில் ஒரு பிட் புரண்டால் அதற்குத் தெரியாது. வயதான டிஸ்க் சத்தமில்லாமல் செய்யும் வேலை அதுதான். இசட்எஃப்எஸ் ஒவ்வொரு பிளாக்குக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருக்கிறது. இரண்டு டிஸ்க்கையும் மிரராகக் கட்டியிருந்தால், கெட்டுப்போன பிளாக்கை அடுத்த டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தானே திருத்திவிடும். பழைய தரவின் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதுவதால், பிளக்கைப் பிடுங்கியபோதும் அது தடுமாறவில்லை. ராமை மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளும். 4 ஜிபி இயந்திரத்தில் அதன் கேஷை ஒரு ஜிபிக்குள் கட்டிவைப்பது நல்லது. டெபியனிலும் இசட்எஃப்எஸ் உண்டு, ஆனால் கர்னல் மாறும்போதெல்லாம் அந்த மாட்யூலைத் திரும்பக் கட்ட வேண்டும்.

குறையும் இருக்கிறது. டாக்கரில் வரும் செயலிகளை நம்பியிருப்பவர்கள் டெபியனிலேயே இருக்கட்டும். ஃப்ரீபிஎஸ்டியின் பீஹைவ் மெய்நிகர் இயந்திரமும் இந்தச் சிப்பில் ஓடாது. 32 பிட் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் நெட்பிஎஸ்டி பக்கம் போகலாம். டெபியன் 13-உம் ஃப்ரீபிஎஸ்டி 15-உம் 32 பிட்டைக் கைவிட்டுவிட்டன. கரண்ட் செலவையும் கணக்கில் வையுங்கள்: 60 வாட் இழுக்கும் பெட்டி ராப்பகலாக ஓடினால் மாதம் 43 யூனிட்.

எதை நிறுவினாலும், முதலில் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். அது செத்திருந்தால், கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆக வேண்டும் என்று பயாஸில் வைத்த அமைப்பு அழிந்துபோகும். எஃப்1 அழுத்து என்ற திரையிலேயே சர்வர் நிற்கும். ஃப்ரீபிஎஸ்டி போட்டவர்களுக்கு இன்னொரு வேலை: டிஸ்க் முழுவதையும் சரிபார்க்கும் ஸ்கிரப், குறித்த காலத்தில் வேலைகளை ஓட்டும் பீரியாடிக் அமைப்பில் ஆஃப் ஆகவே வருகிறது. ஆன் செய்தால் 35 நாளுக்கு ஒருமுறை ஓடும். நிறுவிய அன்றே அதை ஆன் செய்துவிடுங்கள்.