புது ஏர் ரைஃபிள்

பெட்டியைத் திறந்ததும் எண்ணெய் வாசனை. கட்டை நல்ல தேக்கு நிறம். விசையைச் சுற்றிய வளையம் பிளாஸ்டிக், அது பிடிக்கவில்லை. குழலை மடக்கினால் உள்ளே சுருள்வில் இறுகுகிறது. விசையை இழுத்ததும் அந்த வில் பிஸ்டனைத் தள்ள, அமுங்கிய காற்று ஈயக் குண்டை விரட்டுகிறது. குண்டு 4.5 மி.மீ.; இடுப்பு சிறுத்து, பின்பக்கம் பாவாடைபோல் விரிந்தது. குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் அடங்குவதால் 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். வேட்டைக்கு ஆகாது, 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. நெய்வேலி வட்டங்களில் மயில்கள் மதிலேறி நிற்கும் தைரியம் அதனால்தானோ என்னவோ!

குவார்ட்டர்ஸ் கொல்லையில் மணல் மூட்டை, அதன்முன் அட்டை. வில் துப்பாக்கி பின்னால் உதைத்து, உடனே முன்னாலும் இழுக்கும். இறுக்கிப் பிடித்தால் குறி சிதறுகிறது. உள்ளங்கையில் சும்மா கிடக்கவிட்டால்தான் குண்டுகள் ஒரே இடத்தில் விழுகின்றன.