கம்பியின் முனை

இந்த வாரம் விமர்சனத்துக்கு சினிமாவோ நாவலோ இல்லை. ஒரு பழைய கம்ப்யூட்டரின் முதுகெலும்பு. பயப்படாதீர்கள், பாண்டிச்சேரி பீச் வழியாகத்தான் போகப்போகிறோம்.

1975 ஜனவரி 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' அட்டையில் வந்த ஆல்டேர் 8800-ஐக் கும்பிட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டர் சரித்திரக்காரர்கள் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1973-ல், பிரான்ஸில் மிக்ரால் என் என்ற மைக்ரோ கம்ப்யூட்டர் வந்துவிட்டது. செய்த கம்பெனியின் நிறுவனர் ஆந்த்ரே துருவாங் சைகோனில் பிறந்தவர். ஆம், பிரெஞ்சுக்காரர் காலத்தில் நம் பாண்டிச்சேரிக்காரர்கள் உத்தியோகத்துக்குக் கப்பலேறிய அதே சைகோன். அவரை ஏனோ அடிக்குறிப்பில் உட்கார வைத்துவிட்டார்கள்.

போகட்டும். ஆல்டேருக்குள் ப்ராசசர், மெமரி என்று கார்டு கார்டாக இணைத்தவை நூறு கம்பிகள். பின்னால் எஸ்-100 பஸ் என்று பெயர் வந்தது. உட்கார்ந்து யோசித்துப் போட்ட வரிசையாகத் தெரியவில்லை. முதல் பின்னில் 8 வோல்ட், பக்கத்திலேயே அதைப்போல் இரண்டு மடங்கு. கடிகாரத் துடிப்பு போகும் கம்பிக்கு அருகிலேயே கட்டுப்பாட்டுக் கம்பிகள். இதன் சத்தம் அதில் கேட்கும். நூறு பின்னுக்கு கிரவுண்டு இரண்டே இரண்டு. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கம்பிகளின் முனையை அம்போ என்று விட்டதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

கடற்கரைச் சாலையில் கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். அலை கற்களின் இடுக்கில் புகுந்து, நுரைத்து, அடங்கிப்போகிறது. அங்கே வழவழவென்று நெட்டுக்குத்தாக ஒரு சுவர் மட்டும் இருந்தால் அலை முட்டித் திரும்பி, அடுத்து வருகிற அலையைக் குழப்பும். கம்பியில் ஓடும் சிக்னலும் அப்படித்தான். முனையில் கருங்கல்லாக இருக்கவேண்டியது ரெசிஸ்டர். அதற்குப் பெயர் டெர்மினேஷன்.

'ஆல்டேரின் வேகம் வெறும் 2 மெகாஹெர்ட்ஸ். இந்த மாட்டு வண்டிக்கு எதிரொலியா?' என்று கேட்கலாம். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஒரு துடிப்புக்கு 500 நானோ செகண்டு சாவகாசம் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் சிக்னல் கீழிருந்து மேலே எகிறுகிற நேரம் சில நானோ செகண்டுதான். அதற்குள் அது போர்டில் நானோ செகண்டுக்கு 15 சென்டிமீட்டர் போல ஓடுகிறது. 22 கார்டு செருகும் போர்டு 40 சென்டிமீட்டரைத் தாண்டும். போய்த் திரும்பும் எதிரொலி ஒரு துடிப்பை இரண்டாகக் காட்டிவிடும். எப்போதும் இல்லை, சிலசமயம். கார்டை இடம் மாற்றினால் சரியாகும், மறுநாள் மறுபடி மக்கர். ராத்திரி கண்விழித்து கிட்டைக் கோர்த்த ஆசாமி என்ன நினைப்பார்? 'நான் சால்டர் வைத்த லட்சணம்!' பிழை டிசைனில், பழி அவர் தலையில். என் கோபம் இதற்குத்தான்.

வைத்தியம் சுலபம். ஒவ்வொரு கம்பியிலிருந்தும் 5 வோல்ட்டுக்கு 220 ஓம், கிரவுண்டுக்கு 330 ஓம். ஆனால் கம்பிக்கு 9 மில்லி ஆம்பியர் சும்மாவே எரிகிறது. எல்லாக் கம்பிக்கும் கூட்டினால் முக்கால் ஆம்பியர்போல வெறும் சூடு. பில் காட்பவுட், ஜார்ஜ் மாரோ போன்றவர்கள் நடுவாந்திரமாக ஒரு வோல்டேஜை நிலைநிறுத்தி, கம்பிக்கு ஒரே ரெசிஸ்டரில் காரியத்தை முடித்தார்கள். ஆல்டேரின் குறையே அவர்களுக்கு வியாபாரமானது. பஸ்ஸின் விவரம் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்தான் இது முடிந்தது. இந்த ஒரு விஷயத்தில் ஆல்டேருக்குப் பாஸ் மார்க். ஐ.இ.இ.இ. 696 என்று முறையான விதிகள் 1983-ல் வந்தன. ஐ.பி.எம். பி.சி. வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம் முடிந்து ஜாதகம் பார்த்த கதை.

எனக்கு இதைச் சிரித்துவிட்டுப் போகத் தகுதியில்லை. தொண்ணூறுகளில் புதுச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பத்து மெஷின்களை ஒரே கோஆக்சியல் கேபிளில் கோர்த்திருந்தோம். ஒருநாள் மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிட்டது. வைரஸ் என்று தீர்மானித்தோம். மூன்றாம் நாள் டெக்னீஷியன் வந்தார். கேபிளின் கடைசி முனையைப் பார்த்தார். பையிலிருந்து விரல்நுனி அளவு மூடி ஒன்றை, உள்ளே 50 ஓம் ரெசிஸ்டர், எடுத்துத் திருகினார். பத்து மெஷினும் எழுந்துகொண்டன. "யாரோ கூட்டும்போது தட்டிவிட்டிருக்காங்க சார்" என்றார். நாங்கள் ஏற்கனவே ஃபார்மட் செய்திருந்த மூன்று ஹார்டு டிஸ்க் பற்றி அவரிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை.