மனோதத்துவமும் மானமும்

மாக் மண்டின் தொழிற்பேட்டைக்கு அருகில் அண்மையில் நடைபெற்ற தலைமைப் பயிற்சிக் கூட்டம் ஒன்றிற்குச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. தோட்டத்தில் கணக்கெழுதும் நம்மோடு தொழிற்சாலை மேற்பார்வையாளர்களும் மருத்துவமனைப் பணியாளர்களும் அமர்ந்திருந்தனர். சொற்பொழிவாளர் ஐந்து தட்டுள்ள ஒரு முக்கோணத்தைத் திரையிற் காட்டினார். மனிதன் முதலில் வயிற்றைப் பார்ப்பான், வயிறு நிறைந்த பிறகே மானத்தைப் பார்ப்பான் என்றார். ஆகவே, தொழிலாளிக்குச் சம்பளத்தைக் காட்டினால் போதும், மரியாதை மேலதிகாரிகளுக்கு உரியது என்று முடித்தார். பலர் குறிப்பெடுத்துக் கொண்டனர், நாமும் எடுத்தோம். வீடு திரும்பி அக்குறிப்பைப் படித்தபொழுது, அது நம் சமூகத்தின் சரித்திரத்தோடு ஒட்டவில்லை என்பது புலனாயிற்று.

இக்கொள்கையை 1943-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஆபிரகாம் மாஸ்லோ. உணவு, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன் ஆற்றலை முற்ற மலரச் செய்தல் என மனிதனின் தேவைகளை அவர் ஐந்தாக வகுத்தார். நன்று. ஆனால் அம்முக்கோணம் அவர் கட்டுரையில் இல்லை. பின்வந்த நிர்வாக நூலாரே அதை வரைந்தனர். இவ்வரிசை கல்லில் எழுதப்பட்டதன்று என்பதையும், ஒரு லட்சியத்திற்காக அனைத்தையும் துறப்போர் உண்டு என்பதையும் மாஸ்லோவே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆசிரியர் இட்ட எச்சரிக்கையை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் பரப்புவது அறிவுடைமையாகாது.

இனி நம் சரித்திரத்தைப் பார்ப்போம். மாஸ்லோ அக்கட்டுரையை வெளியிடுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1941-இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி கேட்டனர், வயிற்றுக்கு அது. நல்ல வைத்திய வசதியும் பிள்ளைகளுக்குக் கல்வியும் கேட்டனர். அவற்றோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பெண்கள்மீது கைவைக்கும் இழிசெயல் ஒழிய வேண்டும், துரையையோ உத்தியோகஸ்தரையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் நீங்க வேண்டும் என்றும் கேட்டனர். பசித்த வயிற்றோடு நின்றவர்கள் சைக்கிளைவிட்டு இறங்க மறுத்தார்கள்! முதல் தட்டு நிறையட்டும், நான்காம் தட்டைப் பிறகு பார்ப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கூலியும் மானமும் அவர்களுக்கு ஒரே கோரிக்கையாக இருந்தன. அவர்களுடைய தலைவர் ஆர்.எச்.நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். போராட்டத்தை அடக்கத் துருப்புகள் வந்தன. மானம் மேல்தட்டுக்காரர்களின் ஆடம்பரமாயின் துப்பாக்கிக்கு அங்கே என்ன வேலை?

அக்கோரிக்கைகளுள் மற்றொன்றைக் குறிப்பிட நமக்குக் கூச்சமாகவே இருக்கிறது. எனினும் மறைப்பது நேர்மையன்று. கொடுமை செய்யும் உத்தியோகஸ்தர்களை நீக்கி, தமிழறிந்தவர்களை அவ்விடத்தில் அமர்த்த வேண்டும் என்பது அது. ஆங்கிலம் படித்து, துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நாற்காலி போட்டுக்கொண்ட கிராணிமார் வர்க்கத்தின்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு அது. நாமும் அவ்வர்க்கத்தின் வாரிசே.

மனிதன் இயல்பாகவே வேலையை வெறுப்பவன், அவனை மிரட்டித்தான் வேலை வாங்க வேண்டும் என்னும் எண்ணத்தை டக்ளஸ் மக்கிரெகர் 1960-இல் எழுதிய நூலில் 'எக்ஸ் கொள்கை' என்று அழைத்தார். அவர் கண்ட உண்மை யாதெனில், அவ்வெண்ணத்தோடு நடத்தப்படும் மனிதன் நாளடைவில் அவ்வாறே ஆகிவிடுகிறான் என்பதாம். ஆகவே அக்கொள்கை தொழிலாளியைப் பற்றிச் சொல்வதைவிட, அவனை நடத்துவோரைப் பற்றியே அதிகம் சொல்கிறது. சையது உசேன் அலத்தாஸ் 1977-இல் வெளியிட்ட நூலும், மலாய்க்காரரைச் சோம்பேறி என்ற பழிச்சொல் காலனி ஆட்சியின் தேவைக்காகப் பிறந்ததே எனக் காட்டிற்று. தோட்டக் கூலிக்கு வர மறுத்தவன் சோம்பேறி. வந்த தமிழனோ அடங்கிக் கிடப்பவன். இவ்வாறு பெயர் சூட்டியவர்கள் யாருடைய மனத்தையும் ஆராய்ந்தவர்கள் அல்லர், இலாபத்தை ஆராய்ந்தவர்கள்.

வைத்தியத்திலும் இதே நோய் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய தோட்டம் ஒன்றில், உதிரிப்பழம் பொறுக்கும் பெண்மணி ஒருவர் அடிக்கடி காலையில் வந்து, "ஐயா, நெஞ்சை அடைக்குதுங்க" என்பார். சோதித்தால் காய்ச்சல் இல்லை. இரத்த அழுத்தமும் இருதயத் துடிப்பும் சரியாகவே இருந்தன. பாசாங்கு என்று எல்லோரும் முடிவு கட்டினர். நாமும் நம்பி, பெயருக்கு நேரே வரவில்லை என்று குறியிட்டு வந்தோம். பின்னர்ப் புதிதாக வந்த தாதி ஒருவர் அவரை உட்காரவைத்து, "வீட்டில் யாரம்மா இருக்கிறார்கள்?" என்று கேட்டார். பட்டணத்துக்குப் போன மகனிடமிருந்து மாதக்கணக்காகச் செய்தி இல்லை. தாய் இரவெல்லாம் உறங்குவதில்லை. தாதியே அவரை அரசாங்க வைத்தியரிடம் அனுப்பிவைத்தார். சில வாரங்களில் அவர் தவறாமல் வேலைக்கு வந்தார். நாம் இட்ட குறிகள் மட்டும் ஏட்டில் அழியாமல் இருக்கின்றன.

நோயை உடல் ஒன்றால் மட்டும் விளக்க முடியாது, மனத்தையும் வாழ்க்கைச் சூழலையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று அமெரிக்க வைத்தியர் ஜார்ஜ் எங்கல் 1977-இல் எழுதினார். உடற்சோதனையை அவர் தள்ளிவிடவில்லை. அது போதாது என்றார். அத்தாதி எங்கலைப் படித்தவரா என்பதை நாம் அறியோம். கேட்கத் தெரிந்தவர்; அவ்வளவே.

ஆகவே மனோதத்துவம் வீண் என்பது நம் கருத்தன்று. மாஸ்லோவையும் மக்கிரெகரையும் எங்கலையும் நம் இளைஞர்கள் படிக்கட்டும், தமிழிலும் எழுதட்டும். ஆனால் ஒரு கொள்கை பிறரை அளக்கும் கோலாக மட்டும் பயன்படுமாயின், அது பழைய பிரம்பின் புதிய பெயரே. தலைவனாக விரும்புகிறவன் அக்கோலை முதலில் தன்மீது வைத்துப் பார்க்கட்டும்: எனக்கு வேண்டும் மரியாதை இவனுக்கு ஏன் வேண்டாம்? நாளைக் காலை பெரட்டுக் களத்தில் பெயர் ஏட்டைத் திறக்கும்பொழுது நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுவே.