பெருமை ஒருவருக்கு, பழியும் ஒருவருக்கேவா?

2017 செப்டம்பரில் மாஸ்கோவில் மிகயீல் கலாஷ்னிகோவுக்குச் சிலை திறந்தார்கள். அதில் பொறித்திருந்த துப்பாக்கி வரைபடங்களில் ஒன்று அவருடையதே இல்லை, ஜெர்மனியின் எஸ்டிஜி 44 என்று சில நாளிலேயே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். அந்த இடத்தை கிரைண்டர் வைத்து அறுத்தெடுத்தார்கள். சி.ஜே. சிவர்ஸ் எழுதிய 'தி கன்' (2010) புத்தகத்தை நான் மறுபடி கையில் எடுத்தது இந்தச் செய்தியால்தான்.

சிவர்ஸ் முன்னாள் அமெரிக்க மரீன் அதிகாரி, பிறகு நியூயார்க் டைம்ஸ் நிருபர். 1941இல் காயம்பட்ட டாங்கிப் படை சார்ஜென்ட் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே ஏகே 47ஐ யோசித்தார் என்ற பிரபலமான கதையை அவர் பொறுமையாகக் கழற்றிப் போடுகிறார். ராணுவம் நடத்திய போட்டி, அதில் தோற்ற மாதிரிகள், கோவ்ரோவ் ஆலையில் அலெக்சாண்டர் ஜைத்செவோடு சேர்ந்து செய்த பெரிய திருத்தங்கள், இதெல்லாம் கடந்துதான் 1949இல் ராணுவம் அதை ஏற்றது. அதற்கப்புறமும் தகட்டில் அழுத்திச் செய்த உடற்பகுதி சரிவரவில்லை. எஃகுக் கட்டியைக் குடைந்து செய்யும் முறைக்குப் போனார்கள். தகடு திரும்பி வந்தது 1959இல், ஏகேஎம்மில். சாஃப்ட்வேரில் முதல் வெர்ஷன் ரிலீஸ் பண்ணியவர்களுக்கு இந்தக் கதை புதுசாக இருக்காது!

அது உலகமெங்கும் பரவியதற்கு எளிமை மட்டும் காரணமில்லை என்பது புத்தகத்தின் பலமான வாதம். அரசுகள் தேவைக்கு மேல் செய்தன, நட்பு நாடுகளுக்குத் தொழில்நுட்பம் கொடுத்தன, கிடங்குகளில் குவித்தன. அரசு ஆட்டம் கண்டால் கிடங்கு என்னவாகும் என்பதை 1997இல் அல்பேனியாவில் பார்த்தோம். ஆயுதக் கிடங்குகளை ஜனங்கள் சூறையாடினார்கள்.

குறை என்று சொன்னால், காட்லிங், மாக்சிம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நெடுநேரம் நிற்கிறார். ஏகேக்காக வந்த வாசகர் பாதியில் மூடிவைக்க வாய்ப்புண்டு. மூடாதீர்கள்.

கலாஷ்னிகோவ் 2013 டிசம்பரில் இறந்தார். அவர் ரஷ்ய மதத் தலைவர் கிரிலுக்கு எழுதிய கடிதம் அடுத்த மாதம் வெளியானது. என் துப்பாக்கி உயிர்களைப் பறித்ததென்றால் அந்தச் சாவுகளுக்கு நான் குற்றவாளியா என்று கேட்டிருந்தார். எனக்கு சிவர்ஸின் வாதம் முழுசாக உறைத்தது அப்போதுதான். கூட்டமாகச் செய்ததை ஒருத்தர் பேரில் எழுதினால் பெருமையோடு பழியும் அவர் கணக்கில் ஏறுகிறது. தயாரித்த, கொடுத்த, குவித்த அரசுகள் யாருக்கும் கடிதம் எழுதவில்லை.