மோட்டார் கொட்டகையில் ஒரு சிம்

போனிலேயே மோட்டார் போடும் ஸ்டார்ட்டர் பெட்டி, ஒரத்தநாட்டில் எங்கள் போரில் நாற்றங்கால் தொடங்கி அறுவடை வரை ஒரு குறுவை முழுக்க ஓடிவிட்டது. சிங்கிள் பேஸ், டிரை ரன், ஓவர்லோடு பாதுகாப்பெல்லாம் எந்தக் கம்பெனிப் பெட்டியிலும் இருப்பவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் தரும் கல்லணைக் கால்வாய், ஊர்வாயில் புதாறு, 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது. ஜூன் 12-இல் அணை திறந்தாலும் முறை வைத்து விடும்போது போர்தான் பயிரைப் பிடித்து நிறுத்தும். மும்முனை கரண்ட் நடுராத்திரியில் வந்தால் டார்ச்சோடு வரப்பில் நடக்க வேண்டும். கட்டுவிரியன் உலவும் நேரம் அது. ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்தால் மோட்டார் தானாக ஓடும், நிறுத்தத்தான் ஆள் இருக்காது. சாயங்காலம் போட்ட யூரியா விடிவதற்குள் மடையைத் தாண்டிப் போய்விடும்.

இந்தப் பெட்டி இரண்டு கஷ்டத்தையும் தீர்த்துவிட்டது. கரண்ட் வந்ததும் அப்பாவின் போன் அடிக்கிறது. மும்முனை மின்சாரம் இருக்கிறது, மோட்டாரை ஓட்ட ஒன்றை அழுத்துங்கள் என்று ஒரு பெண் குரல் தமிழில் சொல்கிறது. எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதையும் அழுத்திவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். பழைய பட்டன் போனே போதும். கூடவே ஓர் ஆப் தருகிறார்கள். ஆம்பியர், ஓடிய மணிக்கணக்கு எல்லாம் அதில் தெரியும். கோயம்புத்தூரில் இருக்கும் தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ரொம்ப நேரம் ஓடுதேப்பா" என்று அங்கிருந்தே கேட்கிறாள்.

என் கோபமெல்லாம் உள்ளே இருக்கும் சிம் மேல்தான்.

தொண்டைக்கதிர் சமயத்தில் ஒருநாள் பெட்டி பேசுவதை நிறுத்திவிட்டது. "தம்பி, மோட்டார் வாயத் தொறக்க மாட்டேங்குது" என்றார் அப்பா. வயரிங் ஆள் வந்து ஃபியூஸைப் பார்த்தார், கான்டாக்டரைக் கழற்றிப் பார்த்தார், மூன்று பேஸிலும் டெஸ்டர் வைத்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் சிம்மை உருவி என் போனில் போட்டபோது வரிசையாக எஸ்எம்எஸ் கொட்டியது: கெடு முடியப்போகிறது, நாளையோடு முடிகிறது, முடிந்துவிட்டது. அத்தனை எச்சரிக்கையும் கொட்டகைச் சுவரில் மாட்டிய இரும்புப் பெட்டிக்குள் வந்து கிடந்திருக்கிறது. கம்பியில் கரண்ட் வந்தால் கூப்பிட்டுச் சொல்லத் தெரிந்த கருவி, தன் சிம் சாகப்போவதை ஏன் சொல்லக்கூடாது? வந்த எஸ்எம்எஸ்ஸை அப்படியே உரியவர் நம்பருக்குத் தள்ளிவிட்டால் போதும்.

அடுத்த கோபம் சிம்மின் செலவு. புனே பொறியாளர் சந்தோஷ் ஓஸ்ட்வால் உருவாக்கிய நானோ கணேஷ், செல்போன் வழியாக மோட்டாரை இயக்கும் கருவி. 2009-இல் நோக்கியா நடத்திய போட்டியில் பரிசு வாங்கியது. அப்போது லைஃப்டைம் சிம் காலம். இன்கமிங்குக்குக் காசே வேண்டாம். 2018 கடைசியில் குறைந்தபட்ச ரீசார்ஜ் வந்ததும் அந்தக் கணக்கு மாறிவிட்டது. விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம். அந்தக் கரண்டில் ஓடும் மோட்டாரைக் கூப்பிட மாதாமாதம் டேட்டாவோடு ரீசார்ஜ் செய்ய வேண்டியிருந்தது. கூப்பிட்டு மோட்டார் போட எதற்கு டேட்டா? பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜும் தர வேண்டும், அதற்கு 365 நாள் வரை கெடு வைக்கலாம் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. அப்படியும் தனியார் நிறுவனங்களில் ஆண்டு ரீசார்ஜ் ஆயிரத்தைத் தாண்டுகிறது. போருக்கு ஒரு சிம் என்றால் மூன்று போர் வைத்திருப்பவர் என்ன செய்வார்?

இன்னொன்று, எங்கள் பெட்டி 2ஜி. ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. புதிதாக வாங்குபவர்கள் 4ஜி பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையில் இதற்கு மானியம் அறிவிக்கிறார்கள்; சிறு, குறு விவசாயிக்குப் பாதி விலை வரை கிடைக்கும், அந்தத் துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அடுத்த போருக்கும் இதே பெட்டியைத்தான் வாங்குவேன். அப்பா ராத்திரி வரப்பில் இறங்குவதில்லை என்பதற்காகவே. ஆனால் சிம்முக்கு வரும் எஸ்எம்எஸ் என் போனுக்கும் வருமா என்று கேட்டு, வரும் என்று சொன்னால்தான் பணம் கொடுப்பேன்.