வழி திறந்த விழி

பயண நூல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது என்ன? மாடமாளிகைகள், மலையருவிகள், கப்பலில் கிடைத்த விருந்தின் சுவை! எழுதியவர் ஊர் சுற்றினார், படித்தவர் பெருமூச்செறிந்தார், இருவர் உள்ளமும் இருந்த இடத்திலேயே இருந்தன. அத்தகைய ஏடுகள் பொழுதைப் போக்கும், பார்வையை மாற்றா.

சே குவேராவின் மோட்டார் சைக்கிள் பயணக் குறிப்புகள் அந்த வரிசையில் சேராதவை. 1952ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அர்ஜென்டினா நாட்டு மருத்துவ மாணவர் எர்னெஸ்டோ குவேரா, நண்பர் ஆல்பர்ட்டோ கிரானடோவுடன் பழைய நார்ட்டன் வண்டியொன்றில் புறப்பட்டார். அகவை 23. புரட்சி செய்யவா புறப்பட்டார்? இல்லை, ஊர் காணப் புறப்பட்டார்! சிலி நாட்டில் வண்டி உயிர்விட்டது. நூல் உயிர்பெறுவது அங்கேதான் என்போம் நாம். வண்டி போனபின் கால்நடையும் லாரிப் பயணமுமே வழி, ஏழைகளே வழித்துணை.

வால்பரைசோ நகரில் ஆஸ்துமாவால் மூச்சுத் திணறும் மூதாட்டி ஒருவரைக் காண்கிறார். பிறர்க்குப் பணிசெய்து பிழைத்தவர் அவர். ஆஸ்துமா குவேராவுக்கும் உண்டு. அதன் கொடுமை அறிவார். எனினும் கையிலிருந்த சில மாத்திரைகள் எம்மட்டு? உழைக்க இயலாத உடல், வறிய வீட்டில் சுமையாகிவிடுகிறது. மருத்துவம் மட்டும் தீர்க்கவொண்ணாத பிணியும் உண்டு என்பதை அங்கே உணர்கிறார்.

அடுத்துச் சுக்கிகமாட்டா செப்புச் சுரங்கம். அந்நாளில் அமெரிக்க முதலாளிகளின் கையிலிருந்தது அது. செல்லும் வழியில், பொதுவுடைமையர் என்பதால் சிறைசென்ற தொழிலாளி ஒருவரும் அவர்தம் மனைவியும் பாலைநிலக் குளிரில் போர்வையின்றி நடுங்குகின்றனர். நண்பர்கள் தம் போர்வையொன்றைத் தருகின்றனர்.

பெரு நாட்டின் லிமா நகரில், தொழுநோயாளருடன் கையுறையின்றிக் கைகுலுக்கினர், உடனமர்ந்து உரையாடினர், பந்தாடினர். பிரியும் நாளில் அந்நோயாளர்கள் தம்முள் காசு திரட்டி வழிச்செலவுக்குத் தந்தனர். மருந்தினும் மேலாக அவர்கள் மதித்தது, மனிதரை மனிதர் தொட்டதை! தீண்டாமையின் தீமையறிந்த தமிழர் இப்பக்கத்தை எளிதில் புரட்டிவிட இயலுமா?

குறையும் உண்டு, அதைக் கூறாது விடுவது திறனாய்வாகாது. கராகஸ் நகரைப் பற்றி எழுதுமிடத்தில் கறுப்பின மக்களை இழித்துரைக்கும் வரிகள் உள்ளன. அன்பர்கள் அவற்றை மறைப்பர். பகைவர்கள் அவற்றை மட்டுமே காட்டுவர். இரண்டும் நமக்கு உடன்பாடல்ல. ஏழையின் துயர் கண்டு துடித்த உள்ளத்திலேயே இனச்செருக்கும் ஒட்டியிருந்தது என்பதே உண்மை. பிறப்பும் வளர்ப்பும் ஏற்றிய கறை ஒரு பயணத்தில் கரைந்துவிடாது. அதே மனிதர் 1965இல் ஆப்பிரிக்க மக்களின் அணியில் நின்று காங்கோவில் போரிட்டார் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்த்தல் வேண்டும். வழிபாட்டுக்கு உருவம் தேடுவோர்க்கு இவ்வரிகள் இடையூறு. தம்மைத் தாமே ஆராய விழைவோர்க்கோ இவை பாடம்.

1967இல் பொலிவியாவில் அவர் கொல்லப்பட்டு, ஆண்டுகள் பல கழிந்து, 1990களில்தான் இந்நூல் உலகெங்கும் பரவியது. வீரனின் வரலாறாக அன்று, விழிப்பின் வரலாறாக இதைப் படியுங்கள் என்று இளைஞர்களை வேண்டுகிறோம்.

சிலியில் செம்பு மிகுதி என்று பாடநூல் கற்பிக்கிறது. வெட்டியவர் யார், விற்றவர் யார், செத்தவர் யார் என்று இந்நூல் கேட்கவைக்கிறது. நிலப்படத்தைச் சுட்டிப் பாடம் நடத்தும் நாம், இனி அக்கேள்விகளையும் சேர்த்தே சுட்டுவோம்.